வீட்டு சோலார்ல கார் சார்ஜ் பண்றது: பேனல் பிரச்சனை இல்ல, நேரம்தான் பிரச்சனை

எலக்ட்ரிக் கார் வெச்சிருக்கேன், மொட்டை மாடியில சோலாரும் இருக்குன்னு சொன்னா போதும், கேக்குறவங்க ரெண்டே கேள்விதான் கேப்பாங்க. ஒண்ணு, "ஒரு காரை சார்ஜ் பண்ண எத்தனை பேனல் வேணும், மாடி முழுக்க ரொப்பணுமா?" இன்னொண்ணு, "அப்போ நீங்க சும்மாவே ஓட்றீங்க, எரிபொருள் செலவே கிடையாதுல்ல?" முதல் ஆள் தேவையில்லாம பயப்படுறாரு, ரெண்டாவது ஆள் தேவையில்லாம சந்தோஷப்படுறாரு. எனக்கும் ஆரம்பத்துல ஒண்ணும் புரியாது, கிலோவாட்டுக்கும் கிலோவாட்-ஹவருக்கும் வித்தியாசமே தெரியாமதான் இதுல இறங்குனேன், அதனால அங்கருந்தே ஆரம்பிக்கிறேன், தெரிஞ்சவங்க ஒரு பாரா தாண்டிப் போயிடுங்க.

கிலோவாட்ங்கறது வேகம், கிலோவாட்-ஹவர்ங்கறது அளவு. குழாய்ல தண்ணி எவ்ளோ வேகமா கொட்டுதுங்கறது கிலோவாட், பக்கெட்ல எவ்ளோ சேர்ந்துச்சுங்கறது கிலோவாட்-ஹவர். கரண்ட் பில்லுல யூனிட்னு போடுறாங்கல்ல, அது இந்த கிலோவாட்-ஹவரேதான், அதனால நானும் இனிமே யூனிட்னே சொல்றேன். 1 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா 1 யூனிட், அவ்ளோதான் விஷயம். இப்ப சோலார்காரர் "3 கிலோவாட் சிஸ்டம்"னு சொல்றது குழாயோட உச்ச வேகம், கார் விக்கிறவர் "50 யூனிட் பேட்டரி"ன்னு சொல்றது பக்கெட்டோட சைஸ். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 3ஐ வெச்சு 50ஐ எப்படி ரொப்புறதுன்னு யோசிச்சா தலை சுத்தத்தான் செய்யும், நெறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க.

பக்கெட் எவ்ளோ பெருசுன்னு பாக்காதீங்க, தினம் அதுலருந்து எவ்ளோ மொண்டு எடுக்குறீங்கன்னு பாருங்க. ஒரு நடுத்தர சைஸ் எலக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டர் போக சுமாரா 15 யூனிட் எடுக்கும், சின்ன கார்னா 12 கிட்ட, பெரிய எஸ்யூவி ஹைவேல வெரட்டுனா 20 தாண்டும். நீங்க நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்றீங்கன்னு வெச்சுக்குவோம், 6 யூனிட் ஆச்சு. சார்ஜ் ஏறுறப்ப வழியில கொஞ்சம் வீணாகும் (எங்க வீணாகுதுன்னு பின்னாடி சொல்றேன்), அதையும் சேர்த்து 7 யூனிட்னு வெச்சுக்கலாம். ஆக தினம் திருப்பி ஊத்த வேண்டியது 7 யூனிட்தான், பேட்டரி 40 யூனிட்டோ 80 யூனிட்டோ இந்தக் கணக்குல ஒண்ணும் மாறாது. செல்ஃபோன் மாதிரி தினமும் காலி பண்ணி தினமும் ரொப்புறவங்க கார்ல ரொம்ப கம்மி.

சரி, 7 யூனிட்டுக்கு எத்தனை பேனல்? இப்ப வீடுகளுக்கு வர்ற பேனல் ஒண்ணு 400 வாட் பக்கம் இருக்கும், 2 சதுர மீட்டர் இடம் எடுக்கும். வெயில் நல்லா அடிக்கிற இடத்துல 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியா நாளுக்கு 4 யூனிட் கிட்ட குடுக்கும். குளிர்நாடுகள்ல அது 2.5 இல்ல 3 ஆகும், அதுவும் சராசரிதான், அங்க டிசம்பர்ல ஒரு நாளைக்கு 1 யூனிட்டுக்கும் கீழ போறதெல்லாம் சாதாரணம். வெயில் இடத்தையே எடுத்துக்குவோம், 7ஐ 4ஆல வகுத்தா 1.75 கிலோவாட், அதாவது 400 வாட் பேனல் 5 போட்டா மேலேயே வந்துரும். 10 சதுர மீட்டர். கார் நிக்கிற இடமே கிட்டத்தட்ட அவ்ளோ வரும், அதுக்கு மேல ஒரு கூரை போட்டு பேனல் மாட்டுனா கூட அந்தக் காருக்கு வேண்டியது வந்துரும், வருஷத்துக்கு 14,000 கிலோமீட்டருக்கு மேல. எனக்கு முதல் தடவை இந்தக் கணக்கு போட்டப்ப எங்கயோ தப்பு பண்ணிட்டோம்னுதான் தோணுச்சு, ரெண்டு தடவை திருப்பிப் போட்டேன்.

இவ்ளோ கம்மி இடத்துல எப்படி முடியுதுன்னா ரெண்டு காரணம். 1954ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல முதல் உருப்படியான சிலிக்கான் சோலார் செல் செஞ்சாங்க, மேல விழுந்த வெளிச்சத்துல சுமார் 6 சதவீதத்தை அது கரண்டா மாத்துச்சு. இப்ப கடையில சாதாரணமா கிடைக்கிறதே 20, 22 சதவீதம். அந்தப் பழைய செல்லை வெச்சே கூரை போட்டிருந்தா 10 சதுர மீட்டருக்கு பதிலா 35 வேணும். ரெண்டாவது காரணம் மோட்டார். 1 லிட்டர் பெட்ரோலுக்குள்ள சுமார் 9 யூனிட் சக்தி இருக்கு, ஆனா இன்ஜின் அதுல முக்கால்வாசியை சூடாக்கி சைலன்சர் வழியாவும் ரேடியேட்டர் வழியாவும் வெளிய விட்டுட்டு மிச்சத்துலதான் வண்டிய நகர்த்துது. எலக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டருக்கு எடுக்குற அந்த 15 யூனிட், சக்தியா பாத்தா 2 லிட்டர் பெட்ரோல் கூட கிடையாது. பேனல் நல்லா ஆனது ஒரு பக்கம், வண்டி கம்மியா சாப்பிடுறது இன்னொரு பக்கம், ரெண்டும் சேர்ந்ததாலதான் வீட்டுக் கூரை போதும்னு ஆச்சு.

இங்க ஒரு இடைச்செருகல். "அப்போ காரோட தலை மேலயே பேனல் ஒட்டிட்டா என்ன?"ன்னு கண்டிப்பா யாராச்சும் கேப்பாங்க. ஒட்டலாம், ஒட்டியும் பாத்துருக்காங்க. ஆனா சாதாரண கார் கூரையில 2 சதுர மீட்டர் கிடைச்சா பெருசு, அது படுத்தபடி இருக்கும், பாதி நேரம் நெழல்ல நிக்கும், மொத்தத்துல நாளுக்கு 1 இல்ல 1.5 யூனிட், 7லருந்து 10 கிலோமீட்டர். யானைப் பசிக்கு சோளப்பொரி. வெயில்ல நிறுத்தி கார் உள்ள அடுப்பா ஆக்கிட்டு அப்புறம் ஏசி போட்டு அதைக் குளிர வெக்கிறதுக்கே அதுல ஒரு பங்கு போயிரும். வீட்டு மாடியில போடுறதுதான் புத்திசாலித்தனம்.

ஆக அளவுல பிரச்சனை இல்ல. நேரத்துலதான் இருக்கு. வெயில் உச்சத்துல இருக்கறது காலைல 10லருந்து சாயங்காலம் 3 வரைக்கும், அந்த நேரத்துல கார் எங்க இருக்கு? வேலைக்குப் போறவங்க காரு ஆபீஸ்ல நிக்குது. வீட்டுக்கு வர்றப்ப இருட்டிருச்சு. பேனல் கரண்ட் தயாரிச்சு முடிச்சுட்டு தூங்கப் போயிருச்சு, கார் அப்பதான் பசியோட வருது. சோலார்-கார் விஷயத்துல நீங்க எடுக்கப்போற ஒவ்வொரு முடிவும், சார்ஜர் எது, பேட்டரி வேணுமா, பேனல் எந்தப் பக்கம் பாக்கணும், எல்லாமே இந்த ஒரு பொருந்தாமையை எப்படி சமாளிக்கப் போறீங்கங்கறதுதான். அதனால பேனல் எத்தனைன்னு கேக்குறதுக்கு முன்னாடி பகல்ல உங்க கார் எங்க நிக்குதுன்னு கேளுங்க.

இதை சமாளிக்க மூணு வழி இருக்கு, ரொம்ப சுலபமானது கரண்ட் கம்பெனியையே பேங்க்கா வெச்சுக்கறது. பகல்ல மிச்சமாகுற யூனிட் வெளிய லைனுக்குப் போகும், ராத்திரி அங்கருந்து எடுத்துக்குவீங்க, மாசக் கடைசியில கழிச்சுக்குவாங்க, நெட் மீட்டரிங்னு பேரு. குடுத்த யூனிட்டுக்கும் வாங்குற யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு குடுக்குற எடத்துல இருந்தா நீங்க குடுத்து வெச்சவங்க, ராத்திரி 11 மணிக்கு சார்ஜ் போட்டாலும் கணக்குல அது சோலார்தான். "ஆனா அது நெஜமா சோலார் கரண்டா?"ன்னு சில பேர் வம்புக்கு வருவாங்க, எலக்ட்ரான்ல யாரும் பேரு எழுதி அனுப்புறதில்லை, மதியம் நீங்க அனுப்பினது பக்கத்து வீட்டு ஏசிய ஓட்டுச்சு, ராத்திரி உங்களுக்கு வந்தது எங்கயோ ஒரு பவர் பிளாண்ட்லருந்து வந்துச்சு, காசுக் கணக்கு நேராகும், புகைக் கணக்கு முழுசா நேராகாது, அவ்ளோதான் அதுல உண்மை.

ஆனா இந்த வசதி எப்பவும் இப்படியே இருக்கும்னு நம்பி உக்காந்துராதீங்க. சோலார் வீடுகள் பெருகப் பெருக மதியத்துல கரண்ட் மிஞ்சும், மிஞ்சுற சரக்குக்கு யாரு முழு வெல குடுப்பா. கலிஃபோர்னியாவுல 2023 ஏப்ரல்லருந்து புதுசா விண்ணப்பிக்கிறவங்களுக்கு லைனுக்கு அனுப்புற யூனிட்டோட மதிப்பை நல்லா குறைச்சுட்டாங்க, இன்னும் பல எடத்துல அனுப்புறதுக்கு ஒரு ரேட்டு, வாங்குறதுக்கு அதைவிட அதிக ரேட்டு. அப்படி ஆச்சுன்னா கணக்கு தலைகீழா மாறிடும், மாடியில தயாராகுற யூனிட்டை வெளிய அனுப்பாம நீங்களே அப்பவே செலவு பண்றதுதான் லாபம். அப்படி செலவு பண்றதுக்கு வீட்டுல காரை மாதிரி வசதியான பொருள் வேற இல்ல, எப்ப வேணா நிறுத்தலாம், எப்ப வேணா தொடங்கலாம், கோவிச்சுக்காது. வாஷிங் மெஷினைப் பாதியில நிறுத்திப் பாருங்க தெரியும்.

ரெண்டாவது வழி இதுதான், வெயில் இருக்கறப்பவே காருக்கு ஏத்தறது. வீட்லருந்து வேலை பாக்குறவங்க, ரிட்டயர் ஆனவங்க, வாரத்துல ரெண்டு நாளாவது பகல்ல கார் வீட்ல நிக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் இது அல்வா மாதிரி. வாரத்துக்கு 280 கிலோமீட்டர் ஓட்றீங்கன்னா 49 யூனிட் வேணும், சனி ஞாயிறு ரெண்டு நாள் மட்டும் பகல்ல சார்ஜ் போட்டா முழுசும் வராது, ஆனா 5 கிலோவாட் சிஸ்டம் இருந்து வீட்டு செலவு கம்மியா இருந்தா ஒரு 25, 30 யூனிட் வந்துரும், மிச்சத்துக்கு லைன் கரண்ட். பாதிக்கு மேல சூரியன்னா கசக்குமா?

ஆனா இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, இதைப் பத்தி விக்கிறவங்க வாயே தொறக்க மாட்டாங்க. சாதாரண சார்ஜர் கண்ணை மூடிக்கிட்டு இழுக்கும். பேனல் அந்த நேரம் 2 கிலோவாட் குடுத்துட்டு இருக்கும், சார்ஜர் 7 கிலோவாட் இழுக்கும், மிச்சம் 5 கிலோவாட் லைன்லருந்து வரும், நீங்க மாடியப் பாத்து சோலார்ல சார்ஜ் ஏறுதுன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருப்பீங்க. நானும் கொஞ்ச நாள் பெருமைப்பட்டேன், பில்லு வந்தப்ப தெளிஞ்சுச்சு. இதுக்குத்தான் சோலார் மோடு இருக்குற சார்ஜர். மெயின் மீட்டர் பக்கத்துல வர்ற வயரைச் சுத்தி ஒரு சின்ன கவ்வி மாட்டுவாங்க, சிடி கிளாம்ப்னு சொல்வாங்க, கரண்ட் உள்ள வருதா வெளிய போகுதா, எவ்ளோன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். வெளிய 2 கிலோவாட் போகுதுன்னா சார்ஜர் காருக்கு 2 கிலோவாட் மட்டும் விடும், மேகம் வந்து 1.5 ஆனா அதுவும் குறைச்சுக்கும். ஸாப்பி, ஃப்ரோனியஸ் வாட்பைலட் மாதிரி சார்ஜர்கள் இந்த வேலைக்குன்னே வந்தது, கம்ப்யூட்டர்ல கை வெக்கத் தெரிஞ்சவங்க இவிசிசின்னு ஒரு மென்பொருளை வெச்சு வேற சார்ஜரையும் இப்படி ஆட்டி வெக்கலாம்.

சார்ஜர் எப்படி காருக்கு "மெதுவா எடு"ன்னு சொல்லுதுங்கறது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். சுவத்துல மாட்டியிருக்கற பெட்டிய நாம சார்ஜர்னு சொல்றோமே தவிர நெஜ சார்ஜர் காருக்குள்ளதான் இருக்கு, லைன்ல வர்ற ஏசி கரண்டை பேட்டரிக்கு வேண்டிய டிசியா மாத்தி உள்ள விடுறது அதுதான். சுவத்துப் பெட்டி ஒரு புத்திசாலி சுவிட்சு. கேபிள்ல பைலட்னு ஒரு தனி வயர் இருக்கு, அதுல நொடிக்கு 1000 தடவை ஆன் ஆஃப் ஆகுற ஒரு சிக்னல் போகும். அந்த சிக்னல் எத்தனை சதவீத நேரம் ஆன்ல இருக்குங்கறதுதான் செய்தி, அந்த சதவீதத்தை 0.6ஆல பெருக்குனா கார் எடுத்துக்கலாம்னு அனுமதிச்ச ஆம்ப்ஸ் வரும் (வயர்ல ஓடுற கரண்டோட அளவுதான் ஆம்ப்ஸ், அதை வோல்ட்டால பெருக்குனா வாட்). 50 சதவீதம்னா 30 ஆம்ப்ஸ், 10 சதவீதம்னா 6 ஆம்ப்ஸ். மேகம் வந்தா சதவீதம் குறையும், கார் உடனே அடக்கி வாசிக்கும்.

இந்த 6 ஆம்ப்ஸ்தான் கீழ் எல்லை, கார் சார்ஜிங்குக்கான ஸ்டாண்டர்டுலயே அப்படித்தான் இருக்கு, அதுக்குக் கீழ சார்ஜ் கிடையாது. 230 வோல்ட்ல 6 ஆம்ப்ஸ்னா 1.38 கிலோவாட். அதாவது வீட்டு செலவு போக மாடியில 1.4 கிலோவாட் மிஞ்சினாத்தான் சுத்தமான சோலார் சார்ஜிங் தொடங்கவே தொடங்கும். 2 கிலோவாட் பேனல் வெச்சிருக்கறவங்களுக்கு ஃப்ரிட்ஜ், ஃபேன், கம்ப்யூட்டர் போக நடுப்பகல்ல கொஞ்ச நேரம்தான் அது கிடைக்கும். இதுலயும் த்ரீ ஃபேஸ்ல சார்ஜ் ஆகுற காருன்னா மூணு லைன்லயும் 6, மொத்தம் 4.1 கிலோவாட் இல்லாம தொடங்காது, அதனால நல்ல சார்ஜர்கள் வெயில் கம்மியா இருக்கப்ப ஒரே ஃபேஸுக்கு மாத்திக்கும், வாங்குறப்ப இந்த ஒண்ணை மறக்காம கேளுங்க. முன்னாடி யூனிட் கணக்குப் போட்டு 5 பேனல் போதும்னு சொன்னேன்ல, நெட் மீட்டரிங் இருந்தா அது சரி, நேரடியா வெயில்லருந்தே ஏத்தணும்னா வீட்டுக்கும் சேர்த்து 4, 5 கிலோவாட்டாவது இருந்தாத்தான் வண்டி ஓடும்.

மெதுவா ஏத்துறது நல்லதுதானேன்னு தோணும். பேட்டரிக்கு நல்லதுதான், ஆனா வீணாகுறது அதிகம். சார்ஜ் ஏறுறப்ப கார் முழிச்சுக்கிட்டு இருக்கும், உள்ள இருக்கற கம்ப்யூட்டர், பம்ப்பு எல்லாம் ஓடும், பல கார்ல இதுக்கே 200, 300 வாட் போயிரும். நீங்க 7 கிலோவாட்ல ஏத்துனா 250 வாட் ஒரு தூசு, 1.4 கிலோவாட்ல ஏத்துனா அதே 250 வாட் கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு. இதுக்கு மேல ஏசி டிசி மாத்துறதுல போறது வேற. முன்னாடி வழியில வீணாகும்னு சொன்னது இதைத்தான், சாதாரணமா 10லருந்து 15 சதவீதம், ரொம்ப மெதுவா ஏத்துனா அதைவிட ஜாஸ்தி. அதனால 6 ஆம்ப்ஸ்ல நாள் பூரா தொங்க விடாம வெயில் நல்லா ஏறுன 3, 4 மணி நேரத்துல 10, 16 ஆம்ப்ஸ்ல முடிச்சுக்கறது மேல்.

மூணாவது வழி வீட்டுக்குத் தனி பேட்டரி. பகல்ல அதுல சேத்து வெச்சு ராத்திரி காருக்கு ஊத்தறது. கேக்க நல்லாருக்கும், ஆனா கார் விஷயத்துல எனக்கு இதுல அவ்ளோ ஈடுபாடு இல்ல. வீட்டு பேட்டரின்னா 5, 10 யூனிட்தான் சாதாரணம், பேரு வாங்குன டெஸ்லா பவர்வாலே 13.5 யூனிட். கார் பேட்டரி அதைப் போல நாலஞ்சு மடங்கு. பெரிய அண்டாவ ரொப்புறதுக்கு பக்கத்துல ஒரு சொம்பு வாங்கி வெக்கிற கதை. அதோட ஒரு பேட்டரிலருந்து இன்னொரு பேட்டரிக்குப் போறப்ப மாத்தி மாத்தி 10 யூனிட் 8 ஆயிடும். வீட்டு பேட்டரி வாங்குங்க, ராத்திரி லைட்டு ஃபேனுக்கு, கரண்ட் போனா சமாளிக்கறதுக்கு. காருக்காக மட்டும் வாங்குறதுக்கு பதிலா ஆபீஸ்ல ஒரு சார்ஜிங் பாயிண்ட் போடச் சொல்லி நச்சரிக்கிறது மேல்.

கரண்ட் போனான்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதுல முக்காவாசி பேர் ஏமாந்து போறாங்க. மாடி நிறைய பேனல் இருக்கு, வெயில் கொளுத்துது, தெருவுல கரண்ட் கட்டு, வீட்லயும் கரண்ட் இல்ல. எப்படின்னு கேட்டா, பேனல் கரண்டை வீட்டு கரண்டா மாத்துற பெட்டிதான் இன்வெர்ட்டர், அதுல சாதாரண ஆன்-கிரிட் வகை லைன்ல கரண்ட் இருந்தாத்தான் வேலை செய்யும், லைன் செத்தா அதுவும் உடனே நின்னுரணும்னு விதி. லைன்ல கரண்ட் இல்லன்னு நம்பி ஒருத்தர் கம்பத்துல ஏறி வேலை பாத்துக்கிட்டு இருக்கறப்ப உங்க மாடிலருந்து கரண்ட் போனா என்ன ஆகும், அதுக்குத்தான். கட்டு நேரத்துலயும் கார் சார்ஜ் ஆகணும்னா லைன் இல்லாமலும் ஓடுற ஹைபிரிட் இன்வெர்ட்டர், பேட்டரி, லைன்லருந்து வீட்டைப் பிரிக்கற சுவிட்சு எல்லாம் வேணும்.

தலைகீழாவும் ஒரு வழி வந்துக்கிட்டு இருக்கு, கார்லருந்து வீட்டுக்கு. 2011ல ஜப்பான்ல பெரிய நிலநடுக்கம் வந்து கரண்ட் தட்டுப்பாடானதுக்கு அப்புறம், 2012லயே நிசான் லீஃப் கார்லருந்து வீட்டுக்கு கரண்ட் எடுக்குற கருவி அங்க விற்பனைக்கு வந்துச்சு. இப்ப ஹூண்டாய் ஐயோனிக் 5 மாதிரி கார்ல நேரடியா பிளக் சொருகி 3.6 கிலோவாட் வரைக்கும் எடுக்கலாம். வீட்டுக்கு நாளுக்கு 8 யூனிட் செலவுன்னா 60 யூனிட் பேட்டரி காரு ஒரு வாரம் வீட்டை ஓட்டும். தனி பேட்டரி வாங்குற முன்னாடி வாசல்ல நிக்கிறதே பெரிய பேட்டரிதான்ங்கறதை யோசிச்சுப் பாருங்க, ஆனா உங்க கார் மாடல்ல அந்த வசதி இருக்கான்னு பாத்துக்கணும், எல்லாத்துலயும் கிடையாது.

பேனல் வெக்கிறதுல ரெண்டு விஷயம் சொல்லிடறேன். 400 வாட்னு போட்டுருக்கறது லேப்ல, செல் 25 டிகிரியில இருக்கறப்ப, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்துல எடுத்த அளவு. மொட்டை மாடியில பேனல் சூடு 60 டிகிரி தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் குறையும், ஆக உச்சி வெயில்ல பத்து சதவீதத்துக்கு மேல சூட்டுலயே போயிரும். வெயில் ஜாஸ்தின்னா கரண்ட் ஜாஸ்தி, சூடு ஜாஸ்தின்னா கரண்ட் கம்மி. கீழ காத்து போற மாதிரி தூக்கிக் கட்டுறது அதுக்குத்தான். இன்னொண்ணு திசை. பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்கறவங்க தெக்குப் பக்கம் பாத்து வெச்சா மொத்த யூனிட் அதிகம், தெக்க இருக்கறவங்களுக்கு வடக்குப் பக்கம். ஆனா காருக்காக வெக்கிறவங்க பாதி கிழக்கு, பாதி மேற்குன்னு வெக்கிறதையும் யோசிக்கலாம். மொத்தம் கொஞ்சம் குறையும், ஆனா உச்சில குவியாம காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் பரவும், 4 மணிக்கு வேலை முடிஞ்சு வர்றவங்களுக்கு மேற்குப் பக்க பேனல் கை குடுக்கும்.

பேட்டரிய எத்தனை சதவீதம் வரைக்கும் ஏத்தறதுங்கறதுலயும் சோலார்காரங்க பழக்கம் வேற. மத்தவங்க ராத்திரி 80 சதவீதம் ஏத்தி வெச்சுட்டுத் தூங்குவாங்க. நாம அப்படி ஏத்தி வெச்சா நாளைக்கு வர்ற வெயிலுக்கு உள்ள இடம் எங்க இருக்கு? நான் ரெண்டு எல்லை வெச்சிருக்கேன். 40 சதவீதத்துக்குக் கீழ போனா வெயில் இருக்கோ இல்லையோ லைன்லருந்து ஏத்து, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகணும்னா வண்டி நிக்கக்கூடாது. 40க்கும் 80க்கும் நடுவுல வெயில் மட்டும். மழைக்காலத்துல நாலு நாள் வெயிலே இல்லன்னா கீழ் எல்லைலயே ஓட்டிக்குவேன், வெயில் வந்ததும் அதுவா மேல ஏறிக்கும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரின்னா அப்பப்ப 100 வரைக்கும் ஏத்தச் சொல்வாங்க, மீட்டர் சரியா காட்டணுங்கறதுக்காக, அதை நல்ல வெயில் நாளா பாத்து செஞ்சுக்கலாம்.

சும்மாவே ஓட்றீங்களான்னு கேட்டவருக்கு பதில் இன்னும் சொல்லல. சும்மா இல்ல சார். பேனலுக்கும் சார்ஜருக்கும் வயரிங்குக்கும் மொத்தமா முன்னாடியே கட்டிட்டு அப்புறம் 20, 25 வருஷம் அதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கறோம், பேனலும் வருஷத்துக்கு அரை சதவீதம் மாதிரி மங்கிக்கிட்டே வரும், இன்வெர்ட்டர் நடுவுல ஒரு தடவையாவது மாத்த வேண்டி வரும். நெறைய ஓட்றவங்களுக்கு, லைன் கரண்ட் விலை ஜாஸ்தியா இருக்கற எடத்துல இருக்கறவங்களுக்கு சீக்கிரம் போட்ட காசு திரும்பும். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓட்றவர் காருக்காக சோலார் போடுறது வீண், வீட்டுக்காக போடுங்க, கார் அதுல ஒட்டிக்கும்.

கடைசியா வயரிங், இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. கார் சார்ஜிங்ங்கறது அயர்ன் பாக்ஸ் மாதிரி பத்து நிமிஷ வேலை இல்ல, 16 ஆம்ப்ஸ் விடாம ஆறு மணி நேரம் போகும். முதல் மாசம் நான் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிட்டு உள்ள போயிட்டேன், கொஞ்ச நேரத்துல பிளாஸ்டிக் தீயற வாடை, வந்து பாத்தா பிளக் பழுப்பு நிறமாயி உருக ஆரம்பிச்சிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் போர்டுலருந்து தனி லைன், தனி பிரேக்கர், தடிமனான கேபிள், ஒழுங்கான எர்த்து, கசிவு வந்தா கட் பண்ற ஆர்சிடி எல்லாம் போட்டேன். எலக்ட்ரீஷியன்கிட்ட கார் சார்ஜருக்குன்னு சொல்லியே கேளுங்க, ஏன்னா கார் பக்கத்துலருந்து டிசி கசிவு வந்தா சாதாரண ஆர்சிடி ஏமாந்து போக வாய்ப்பிருக்கு, அதையும் புடிக்கிற வகை வேணும், சில சார்ஜர்ல அது உள்ளயே இருக்கும். அந்த கேபிள் பதிக்கிறப்பவே தனியா ஒரு பைப் போட்டு அதுல மீட்டர் பெட்டிக்கும் கார் நிக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு நெட்வொர்க் கேபிளும் இழுத்து வெச்சுடுங்க, இன்னைக்கு சோலார் மோடு வேணாம்னு நினைச்சாலும் பரவாயில்ல. சிடி கிளாம்ப் இருக்கறது மீட்டர்கிட்ட, சார்ஜர் இருக்கறது கார்கிட்ட, ரெண்டும் பேசிக்கணும், வைஃபை அந்த மூலைக்கு எட்டாது. எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் புத்தி வந்துச்சு, பூசி பெயிண்ட் அடிச்ச சுவத்தை திரும்ப உடைச்சேன்.